பழைய மடிக்கணினியின் எக்ஸ்பிரஸ்கார்டு வழியாக வெளியே கிராபிக்ஸ் கார்டு பொருத்தினால் பயன் உண்டா?

வைகைக்கரையான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கட்டுமானப் பொறியாளர்கள் சிலருக்கு வீட்டு முகப்பின் முப்பரிமாணப் படத்தை, எங்கள் பக்கத்தில் எல்லாரும் எலிவேஷன் என்று சொல்வதை, பிளெண்டர் மென்பொருளில் வரைந்து கொடுப்பது என் தொழில். இதற்கு நான் பயன்படுத்துவது 2011ஆம் ஆண்டில் வெளிவந்த திங்க்பேட் எக்ஸ்220 மடிக்கணினி. ஐ5-2520எம் செயலியும் 8 ஜிபி ரேமும் கொண்ட இதை ஆறு ஆண்டுகளுக்கு முன் பழைய பொருளாக வாங்கினேன். இதன் விசைப்பலகைக்குப் பழகிய விரல்கள் வேறொன்றை ஏற்க மறுப்பதால் இன்றுவரை மாற்றவில்லை.

தொல்லை இரண்டு வகையில் வருகிறது. செயலிக்குள்ளேயே இருக்கும் இன்டெல் எச்டி 3000 கிராபிக்ஸ், மென்பொருள்கள் திரையில் படம் வரையப் பயன்படுத்தும் ஓபன்ஜிஎல் என்ற தரத்தை விண்டோஸில் 3.1 பதிப்பு வரைதான் ஆதரிக்கிறது; பிளெண்டர் 2.80க்கு அது போதாது. ஆகவே 2019இல் வந்த பிளெண்டர் 2.80ஐக்கூட என்னால் திறக்க முடியவில்லை, 2.79இலேயே நின்றுவிட்டேன். அடுத்தது, ரெண்டர் செய்யும் வேலை, அதாவது வரைந்த காட்சியை ஒளியும் நிழலும் சேர்த்து முழுப் படமாகக் கணக்கிடும் வேலை, முழுவதும் இரண்டு கோர் செயலியின் தலையில் விழுவதால் ஒரு முகப்புப் படத்துக்கு நாற்பது நிமிடம் வரை ஆகிறது. எதிரில் அமர்ந்திருக்கும் பொறியாளர், "அந்தத் தூணின் நிறத்தை மட்டும் மாற்றிக் காட்டுங்கள்" என்று சொல்லும்போது, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வர வேண்டியிருக்கிறது.

சித்தப்பா மகன் தன் மேசைக் கணினியைப் புதுப்பித்தபோது அதிலிருந்து கழற்றிய ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி கார்டை எனக்குக் கொடுத்துவிட்டார். என் மடிக்கணினியின் இடப்பக்கத்தில் எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட் ஒன்று, அதாவது கூடுதல் அட்டைகளைச் செருகும் துளை, இத்தனை ஆண்டுகளாகச் சும்மா கிடக்கிறது. அதில் ஓர் அடாப்டரைச் செருகி, இந்தக் கார்டை வெளியே வைத்து இயக்கலாம் என்று படித்தேன். உண்மையிலேயே பயன் கிடைக்குமா, மடிக்கணினியின் சொந்தத் திரையிலேயே படத்தைப் பார்க்கலாமா, கார்டுக்கு மின்சாரத்தை எங்கிருந்து கொடுப்பது என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மின்தடம் (மறுமொழி)

உங்கள் வேலைக்குப் பயன் உண்டு. இதே கேள்வியை விளையாட்டுக்காகக் கேட்டிருந்தால் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது தெளிவாகிவிடும்.

எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட் என்பது, மேசைக் கணினியில் கிராபிக்ஸ் கார்டு அமரும் அதே பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பின் ஒற்றைத் தடம்தான் (தடம் என்பது தரவு போய்வரும் ஒரு பாதை). 2003இல் இந்தத் தரம் வந்தபோது அந்தத் தடத்தின் வேகம் ஒரு திசையில் நொடிக்கு 250 மெகாபைட். உங்கள் எக்ஸ்220இல் அது இரண்டாம் தலைமுறைத் தடம் என்பதால் நொடிக்கு 500 மெகாபைட். இது எழுத்தளவில் உள்ள உச்சம். நடைமுறையில் இன்னும் சற்றுக் குறையும். உங்கள் 1050 டிஐ கார்டோ மூன்றாம் தலைமுறையின் பதினாறு தடங்களுக்காகச் செய்யப்பட்டது. அங்கே கிடைக்கும் வேகத்தில் ஏறத்தாழ முப்பத்திரண்டில் ஒரு பங்குதான் இங்கே கிடைக்கும். வைகைக்கரைக்காரருக்குச் சொல்வதானால், கண்மாய் நிறையத் தண்ணீர் இருந்தாலும் திறப்பதற்கு ஒரே ஒரு மடைதான் இருக்கிறது.

விளையாட்டு நடக்கும்போது செயலி ஒவ்வொரு சட்டகத்துக்கும் (திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும்) புதிய கட்டளைகளையும், பொருள்களின் மேல் ஒட்டும் படப்பூச்சுகளையும் அந்த மடை வழியாக இடைவிடாமல் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் அங்கே தடம் குறுகியிருப்பது ஒவ்வொரு கணமும் உறுத்தும். பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரில் அப்படியில்லை. காட்சியின் வடிவங்கள், படப்பூச்சுகள் எல்லாம் ஒருமுறை கார்டின் நினைவகத்துக்குள் போய்விட்டால், அதன் பிறகு கணக்கு முழுவதும் கார்டுக்குள்ளேயே நடக்கிறது. முடிந்த படம் மட்டும் திரும்பி வருகிறது. உங்கள் காட்சி 2 ஜிபி அளவு என்று வைத்துக்கொண்டாலும், அதை உள்ளே அனுப்ப ஐந்தாறு நொடிகள் போதும். நாற்பது நிமிடம் காத்திருந்தவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் காட்சி 4 ஜிபியைத் தாண்டினால் கதை மாறிவிடும். கார்டின் நினைவகம் நிரம்பியதும் சைக்கிள்ஸ் மிச்சத்தைக் கணினியின் ரேமில் வைத்துக்கொண்டு, தேவைப்படும் போதெல்லாம் அங்கிருந்து எடுக்கப் பார்க்கும். கார்டு தன் சொந்த நினைவகத்தோடு நொடிக்கு 112 ஜிகாபைட் வேகத்தில் பேசிப் பழகியது. அதை அரை ஜிகாபைட் தடத்தில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. தோட்டத்துக்கு மரங்களை வைக்கும்போது ஒவ்வொரு மரத்தையும் தனி நகலாக எடுக்காமல், ஒரே மரத்தின் தரவையே திரும்பத் திரும்பக் காட்டும் பிம்பங்களாக (இன்ஸ்டன்ஸ்) வைத்தால் இந்த எல்லைக்குள் நின்றுகொள்ளலாம்.

திரையைப் பற்றி: கார்டின் பின்புறத்தில் உள்ள எச்டிஎம்ஐ துளையில் ஒரு மானிட்டரை நேரடியாக இணைத்து, விண்டோஸில் அதையே முதன்மைத் திரையாக வைத்துக்கொள்ளுங்கள். உட்திரையில் காட்ட வேண்டுமென்றால், வரைந்து முடித்த ஒவ்வொரு சட்டகமும் அதே தடம் வழியாகத் திரும்பி வர வேண்டும். 1366க்கு 768 அளவுள்ள உங்கள் திரைக்கு ஒரு சட்டகம் 4.2 மெகாபைட், நொடிக்கு 60 சட்டகம் என்றால் 252 மெகாபைட். பிசிஐ எக்ஸ்பிரஸில் போகும் திசையும் வரும் திசையும் தனித்தனி என்பதால் இது அடைத்துக்கொள்வது வரும் திசையைத்தான். இருந்தாலும் அதில் பாதி போய்விடுகிறது. முழு எச்டி திரையாக இருந்தால் 498 மெகாபைட், அதாவது வரும் திசை முழுவதுமே அதற்கே சரியாகிவிடும். தவிர, புதிய பிளெண்டரின் சாளரமே ஓபன்ஜிஎல் 4.3 கேட்கிறது, பதிப்பு 4.0 முதல் நிலைமை அப்படித்தான். எச்டி 3000 ஓட்டும் திரையில் அதைத் திறக்கப் போராடுவதைவிட, கார்டு ஓட்டும் திரையில் திறப்பது எளிது.

பழைய இரும்பு (மறுமொழி)

மின்தடம் தரவுப் பாதையைப் பற்றி எழுதிவிட்டார். நான் மின்சாரத்தைப் பற்றி எழுதுகிறேன். இந்த வேலையில் கார்டு கெட்டுப்போனவர்களில் பெரும்பாலோர் மின்சாரத்தில்தான் தவறியிருப்பார்கள்.

எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட் தரும் மின்சாரம் ஒரு கிராபிக்ஸ் கார்டின் விசிறியைச் சுற்றவே சரியாக இருக்கும். எனவே கார்டு அமரும் அடாப்டர் பலகைக்குத் தனியாக 12 வோல்ட் கொடுத்தாக வேண்டும். எக்ஸ்பி ஜிடிசி என்ற பெயரில் கிடைக்கும் பலகைதான் இங்கே பலரும் வாங்குவது. அது மேசைக் கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டியான சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸையும் ஏற்கும். டெல் நிறுவனத்தின் டிஏ-2 என்ற 220 வாட் அடாப்டரையும் ஏற்கும். உங்கள் 1050 டிஐ 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டு. அதன் தலையில் தனியாக ஆறு முனை இணைப்பு இல்லாத வகையாக இருந்தால், பலகையின் வழியாகவே முழு மின்சாரமும் வந்துவிடும். பெயர் தெரிந்த நிறுவனத்தின் 400 அல்லது 450 வாட் எஸ்எம்பிஎஸ் தாராளமாகப் போதும். பெட்டியில் மட்டும் பெரிய எண் அச்சிட்ட மலிவானதை வாங்காதீர்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: வீட்டில் கிடக்கும் திங்க்பேட் சார்ஜரின் முனை எங்காவது பொருந்துகிறதே என்று அந்தப் பலகையில் செருகிவிடாதீர்கள். அது 20 வோல்ட். 12 வோல்ட் எதிர்பார்க்கும் கார்டுக்கு அதைக் கொடுத்தால் அடுத்த நொடியே கார்டு போய்விடும்.

அடாப்டர் பலகைக்கும் எக்ஸ்பிரஸ்கார்டு முனைக்கும் இடையே வரும் கேபிள் பார்ப்பதற்கு எச்டிஎம்ஐ போலவே இருக்கும். முனைதான் அப்படி, உள்ளே ஓடுவது பிசிஐ எக்ஸ்பிரஸ் சமிக்ஞை. அதில் டிவியையோ மானிட்டரையோ இணைத்துச் சோதித்துப் பார்க்கும் ஆசை யாருக்கும் வர வேண்டாம். கேபிளை நீட்டிக்கவும் முயல வேண்டாம். நீளம் கூடினால் சமிக்ஞை தடுமாறும்.

இயக்கும் வரிசையையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எஸ்எம்பிஎஸ், பிறகு மடிக்கணினி. அணைக்கும்போது முதலில் மடிக்கணினி, பிறகு எஸ்எம்பிஎஸ். எக்ஸ்பிரஸ்கார்டு என்பது ஓடும்போதே செருகிக் கழற்றுவதற்காக வகுக்கப்பட்ட தரம்தான் என்றாலும், டிரைவர் பயன்படுத்திக்கொண்டிருக்கும் கிராபிக்ஸ் கார்டை அப்படி உருவினால் விண்டோஸ் அப்படியே உறைந்துவிடும். நம் ஊரில் இதே விபத்து வேறு வழியிலும் வரும். மின்வெட்டு வந்தால் மடிக்கணினி பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். வெளியே இருக்கும் கார்டு மட்டும் செத்துவிடும். ரெண்டர் பாதியில் போகும், கணினியும் நின்றுவிடும். ஆகவே எஸ்எம்பிஎஸ்ஸை யூபிஎஸ் அல்லது இன்வெர்ட்டர் இணைப்பில் போடுங்கள்.

கடைசியாக, கார்டு மேசைமேல் திறந்தே கிடக்கும் என்பதால் தூசிக்கும் பல்லிக்கும் ஏதாவது வழி செய்யுங்கள். இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை; விசிறியில் பல்லி சிக்கிய ஒரு கார்டை நானே துடைத்திருக்கிறேன்.

கூட்டிக்கழித்தவன் (மறுமொழி)

மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். அடாப்டர் பலகை, எஸ்எம்பிஎஸ், மானிட்டர் ஆகிய மூன்றின் விலையையும் கூட்டிப் பாருங்கள். அலுவலகங்களிலிருந்து கழித்துவிடப்பட்ட நான்காம் தலைமுறை ஐ5 மேசைக் கணினிகள் ரிச்சி தெருவிலும் வேறு ஊர்களிலும் பழைய விலைக்குக் கிடைக்கின்றன. முழு உயரப் பெட்டி உள்ளதாகப் பார்த்து வாங்கினால், உங்கள் 1050 டிஐ அதில் பதினாறு தட ஸ்லாட்டிலேயே அமரும். நான்கு கோர் செயலியும் சேர்ந்து கிடைக்கும். ஒல்லியான சிறு பெட்டியை மட்டும் வாங்கிவிடாதீர்கள், அதில் குட்டைக் கார்டுகள்தான் நுழையும். பதினைந்து வயதை நெருங்கும் மடிக்கணினியில் புதிதாகப் பணம் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. உங்கள் செயலி விண்டோஸ் 11க்கான பட்டியலில் இல்லை.

மின்தடம் (மறுமொழி)

கூட்டிக்கழித்தவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஓரிடத்திலேயே அமர்ந்து வேலை செய்பவராக இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். ரெண்டர் தொடங்குமுன் காட்சியை அடுக்கித் தயார்செய்யும் கட்டம் செயலியில்தான் நடக்கிறது என்பதையும், அது வெளிக் கார்டு வந்தாலும் வேகமடையாது என்பதையும் நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். இயங்குதளத்தைப் பொறுத்தவரை லினக்ஸ் ஒரு நல்ல வழி. 1050 டிஐ சேர்ந்த பாஸ்கல் தலைமுறைக்கு என்விடியாவின் 580 வரிசை டிரைவர்தான் கடைசி என்பதால், அதற்கு மேற்பட்டதை நிறுவிவிட்டுக் கார்டு தெரியவில்லையே என்று தேட வேண்டாம்.

வைகைக்கரையான்

மூவருக்கும் நன்றி. மேசைக் கணினி யோசனையை இரண்டு நாள் எடைபோட்டுப் பார்த்தேன். பகலில் பொறியாளர்களின் அலுவலகத்திலும் கட்டட இடத்திலும் மடிக்கணினியில் வரைந்துவிட்டு, இரவில் வீட்டில் ரெண்டர் செய்வதுதான் என் வழக்கம். ஒரே கோப்பை இரண்டு இயந்திரங்களுக்கு இடையே மாற்றி மாற்றி எந்தப் பதிப்பு கடைசி என்று குழம்பிய பழைய அனுபவம் எனக்கு உண்டு. தவிர, வீட்டில் ஒரு மானிட்டர் ஏற்கெனவே இருக்கிறது. எனவே அடாப்டர் பலகைக்குச் சொல்லிவிட்டேன். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் நல்லதாக வாங்கிவிட்டேன். நாளைக்கு மேசைக் கணினி வாங்கினாலும் அது வீணாகாது. பலகை வந்ததும் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

மின்தடம் (மறுமொழி)

விண்டோஸின் வன்பொருள் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் கார்டு தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். தெரிந்தும் மஞ்சள் குறியோடு 12 என்ற பிழை எண் காட்டினால், 4 ஜிபிக்குக் கீழான முகவரிப் பகுதியில் கார்டு கேட்கும் தொடர்ச்சியான இடம் மிச்சமில்லை என்று பொருள். கார்டுகள் பொதுவாக 256 மெகாபைட் துண்டு ஒன்றைச் சேர்ந்தாற்போலக் கேட்கும். ரேமில் ஒரு பட்டையைக் கழற்றிவிட்டுத் தொடங்கிப் பாருங்கள். அப்போது பிழை மறைந்தால் காரணம் இதுதான் என்று உறுதியாகிவிடும். அதன் பிறகு பயாஸ், அதாவது கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள், தரும் முகவரி அட்டவணையைத் திருத்தும் வழி இருக்கிறது. தேவைப்பட்டால் அப்போது எழுதுகிறேன். கணினி தொடக்கத்திலேயே கறுப்புத் திரையில் நின்றுவிட்டால், அடாப்டர் பலகையில் உள்ள தாமதச் சுவிட்சை 7 நொடிக்கோ 15 நொடிக்கோ மாற்றுங்கள். பயாஸ் தன் சோதனையை முடித்த பிறகே கார்டு கண்ணில் படும்படி அது செய்யும்.

ஜிபியு-இசட் மென்பொருளில் இணைப்பின் வேகத்தையும் பாருங்கள். அங்கே 1.1 என்று, அதாவது முதல் தலைமுறை வேகம் என்று, காட்டினால் உடனே கலங்க வேண்டாம். கார்டு சும்மா இருக்கும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்த வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஏதாவது ரெண்டரை ஓட்டிக்கொண்டே பார்க்கும்போது 2.0 வர வேண்டும். அப்போதும் வரவில்லை என்றால் பயாஸில் எக்ஸ்பிரஸ்கார்டு வேகத்துக்கான தெரிவு முதல் தலைமுறையில் கட்டுண்டு கிடக்கிறதா என்று பாருங்கள்.

அரும்பு (இடைக்கேள்வி)

என் மடிக்கணினி 2019இல் வாங்கியது. அதில் எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட்டே இல்லை. எனக்கு வழியே கிடையாதா?

பழைய இரும்பு (மறுமொழி)

உங்களுக்கு இதைவிட அகலமான வழி இருக்கலாம். எஸ்எஸ்டி அமரும் எம்.2 ஸ்லாட், பிசிஐ எக்ஸ்பிரஸ் தடங்களைப் பயன்படுத்தும் என்விஎம்இ வகையாக இருந்தால் அதில் மூன்றாம் தலைமுறைத் தடங்கள் நான்கு வரை இருக்கும். நொடிக்கு ஏறத்தாழ 3.9 ஜிகாபைட், இவருக்குக் கிடைப்பதைப் போல எட்டு மடங்கு. அதற்கும் அடாப்டர்கள் உண்டு. ஆனால் கேபிள் வெளியே வர அடிமூடியைத் திறந்தே வைக்க வேண்டும், எம்.2 ஒன்றே ஒன்றுதான் என்றால் எஸ்எஸ்டியை வேறெங்காவது குடியேற்ற வேண்டும். மின்னல் குறி போட்ட தண்டர்போல்ட் 3 துளை, அதாவது பிசிஐ எக்ஸ்பிரஸையும் கடத்தும் வேகமான டைப்-சி துளை, இருந்தால் எதையும் திறக்க வேண்டிய வேலையே இல்லை. அதே வடிவத்தில் இருக்கும் எல்லா டைப்-சி துளையும் தண்டர்போல்ட் ஆகிவிடாது, மாதிரி எண்ணைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். 2007இல் ஆசுஸ் எக்ஸ்ஜி ஸ்டேஷன் என்று எக்ஸ்பிரஸ்கார்டு வழியாகவே ஒரு வெளிப்பெட்டியை அறிவித்தபோது, ஒற்றைத் தடத்தில் இது ஓடுமா என்று நாங்கள் சிரித்தோம்.

வைகைக்கரையான்

பலகை வந்து பொருத்தி ஒரு வாரம் ஆகிறது. முதல் நாள் மாலை முழுவதும் கார்டு ஒரு கணம் தெரிவதும் அடுத்த கணம் மறைவதுமாக ஆட்டம் காட்டியது. 12 பிழையும் வரவில்லை, கறுப்புத் திரையும் இல்லை. தாமதச் சுவிட்சு, பயாஸ், டிரைவர் என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துக் களைத்த பிறகுதான் கண்ணில் பட்டது: என் ஸ்லாட் 54 மில்லிமீட்டர் அகலம், அடாப்டரின் முனையோ 34 மில்லிமீட்டர். மிச்சமிருக்கும் இடத்தில் முனை பக்கவாட்டில் ஆடுகிறது. கேபிளின் கனம் இழுக்கும்போது தொடர்பு விட்டுப்போகிறது. கல்யாணப் பத்திரிகை அட்டையை நான்காக மடித்து அந்த இடைவெளியில் செருகினேன். கேபிளையும் மேசைக் காலில் கட்டிவிட்டேன். அதன் பிறகு ஒருமுறைகூட மறையவில்லை.

ஜிபியு-இசட் நீங்கள் சொன்னபடியே முதலில் 1.1 காட்டி, ரெண்டர் ஓடும்போது 2.0க்கு ஏறியது. புதிய பிளெண்டர் வெளித் திரையில் திறக்கிறது. முன்பு நாற்பது நிமிடம் எடுத்த அதே முகப்புப் படம் இப்போது ஐந்து நிமிடத்துக்குள் முடிகிறது. அதில் முதல் நிமிடம் செயலி காட்சியை அடுக்குவதிலேயே போகிறது என்பதையும் கவனித்தேன். தென்னை மரங்களைத் தனித்தனி நகலாக வைத்திருந்த ஒரு பழைய கோப்பு மட்டும் 4 ஜிபியைத் தாண்டி நொண்டியது. பிம்பங்களாக மாற்றியதும் அதுவும் சரியாகிவிட்டது.

யூபிஎஸ் இன்னும் வாங்கவில்லை. அதுவரை மழை இரவுகளில் ரெண்டர் போடுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.